தற்கொலைத் தடுப்புக்காக ஒரு மாறுவேட விழா: நடத்த நினைப்பவர்களுக்கு

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். 2003-இலிருந்து அனுசரிக்கிறார்கள். நம்மூரில் அன்றைக்குக் கல்லூரி அரங்கில் கருத்தரங்கு நடக்கும், பேரணி போகும், மறுநாள் பேப்பரில் படம் வரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள். வட்டிக்காரர் போனை எடுக்கப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் மனிதர் கருத்தரங்குக்கு வரமாட்டார். தன் மகன் யு.கே.ஜி.யில் பாரதியார் வேடம் போடுகிறான் என்றால் வருவார். மீசை வரைய ஒருவர், முண்டாசு கட்ட ஒருவர், கைதட்டப் பத்துப் பேர் என்று ஒரு குழந்தைக்கு ஒரு குடும்பமே வரும்.

அதனால்தான் மாறுவேட விழாவை இதற்கு நல்ல வழி என்கிறோம். வேடம் கட்டிக்கொண்டு நல்ல காரியத்துக்குக் காசு சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. குலசேகரன்பட்டினம் தசராவில் விரதம் இருந்து, காளியாக, குரங்காக, போலீஸாக வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். அந்தப் பழக்கம் தெரிந்த ஊரில் வேடத்தோடு உண்டியல் நீட்டினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். காரணங்களில் குடும்பப் பிரச்சினையும் நோயும் சேர்ந்தே பாதியைத் தொடுகின்றன. வீட்டுக்குள் நடக்கும் விஷயம் என்பதால் குடியிருப்பும் தெருவும்தான் இதைப் பேசச் சரியான இடம். இன்னொன்று, இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். தொழில் வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகள்தான் அதிகம். விழாவுக்கு யாரை அழைப்பது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. வாட்ச்மேன், வீட்டுவேலை செய்யும் அக்கா, குப்பை எடுப்பவர், அயர்ன் கடைக்காரர், ஆக்டிங் டிரைவர் எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிடுங்கள். நாற்காலி தூக்க அழைப்பது கணக்கில் சேராது. அவர்கள் பிள்ளைகளும் மேடை ஏற வேண்டும். அவர்களுக்கு வேலை நேரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையாகப் பார்த்து வையுங்கள்.

இந்த விழாவில் எது முதலில், எது பிறகு என்பதில் தெளிவு வேண்டும். வந்த ஒருவருக்குக்கூட அங்கே பார்த்ததாலோ கேட்டதாலோ மனசு மேலும் கனத்துவிடக் கூடாது. அது முதல். உதவி எண் எல்லார் கையிலும் போய்ச் சேர வேண்டும். அது இரண்டாவது. பணம் மூன்றாவதுதான். பணத்தை முதலில் வைத்து நடத்தும் விழாக்களில் ஒலிபெருக்கியில் அழுகைக் கதை ஓடும், இறந்த பிள்ளையின் படம் பெரிய பேனரில் நிற்கும், உண்டியல் நிறையும். கூட்டத்தில் ஏற்கெனவே தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதனால் என்ன ஆனது என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

தேதி குறிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் குடியிருப்பிலோ தெருவிலோ சமீபத்தில் தற்கொலை நடந்திருந்தால் இந்த ஆண்டு வேடமும் பாட்டும் வேண்டாம். அந்தக் குடும்பத்துக்குத் துணையாக இருப்பதுதான் அப்போதைய வேலை. சில மாதம் கழித்து அவர்களிடமே கேட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் செய்யலாம். பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முடிவு வருவதற்கு முன்பே விழா முடிந்து, எண் எல்லார் போனிலும் ஏறியிருந்தால் நல்லது. செப்டம்பர் 10-ஐ ஒட்டிய வார இறுதி, அக்டோபர் 10 உலக மனநல நாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம், இந்த மூன்றும் வசதியான தேதிகள்.

எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய ஒரே வேலை, பணம் யாருக்குப் போகிறது என்பதை முடிவு செய்து அவர்களுக்கு எழுதுவது. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா இருக்கிறது. தன்னார்வலர்களே நடத்தும் அமைப்பு, 24 மணி நேரமும் போன் எடுக்கிறார்கள், எண் 044-24640050. எந்த அமைப்பாக இருந்தாலும் அவர்கள் பெயரையும் சின்னத்தையும் நோட்டீஸில் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் நோட்டீஸ் வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் பேச ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். ரகசியம் காப்பதை அடிப்படையாக வைத்து வேலை செய்பவர்களை ஸ்பீக்கர் பக்கத்தில் மேசை போட்டு உட்கார வைத்தால் அந்த மேசைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

இனி வேடங்கள். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

நம் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால் வரும் வேடங்கள் நமக்குத் தெரியும். அதில் பாதிக்கு இந்த விழாவில் சிக்கல் இருக்கிறது. பச்சைத் துண்டு கட்டிய விவசாயி வருவான், கழுத்தில் கயிறு தொங்கும். "கடன் தொல்லை தாங்கவில்லை" என்று ஐந்து வயதுக் குழந்தை வசனம் பேசும், கூட்டம் கைதட்டும். கட்டபொம்மன் கயிற்றோடு வருவார். பகத்சிங்கும் அப்படியே. வாஞ்சிநாதன் கையில் துப்பாக்கி, கடைசிக் காட்சி அவர் தன்னையே சுட்டுக்கொள்வது. குயிலி வேடம் என்றால் உடம்பில் தீ ஜுவாலை ஒட்டிய சேலை. வரலாற்றில் இவர்கள் எல்லாரும் வெவ்வேறு. தூக்கிலிடப்பட்டவர் வேறு, தன்னைத் தந்தவர் வேறு. ஆனால் கூட்டத்தில் தவிப்போடு இருப்பவர் கண்ணில் படுவது வரலாறு இல்லை, கயிறுதான். அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து அவர் பார்க்கிறார். இறக்கும் முறையைக் காட்டுவதும், இறப்பைப் பெருமைக்குரிய முடிவாகக் காட்டுவதும் ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு போராடுபவர்களைத் தள்ளிவிடும் என்பது உலகம் முழுக்க ஆராய்ந்து கண்டது. ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அறிவுரையின் மையமே அதுதான். மேடைக்கும் அது பொருந்தும்.

எங்கள் விதி எளிது. ஆள் வரலாம், சாவு வரக் கூடாது. கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் வாதாடட்டும், கயத்தாறு வரை போக வேண்டாம். பகத்சிங் தொப்பியும் மீசையுமாகப் புத்தகம் படிக்கட்டும். விவசாயி நெல் கொண்டுவரட்டும், ஏர் தூக்கட்டும், நியாய விலை கேட்டு முழங்கட்டும். குயிலிக்குப் பதில் வேலு நாச்சியார், ஜான்சி ராணி. வாஞ்சிநாதனை மட்டும் இந்த ஒரு விழாவுக்கு விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. அவர் கதையில் அந்தக் கடைசி நிமிடத்தை வெட்டினால் குழந்தைக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பேய் வேடமும் வேண்டாம். நம் சினிமாவில் வெள்ளைச் சேலைப் பேய் யார், எப்படிப் பேயானாள் என்று யோசித்தால் காரணம் புரியும். தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரும் 'பைத்தியம்' காமெடி கூடவே கூடாது. மனநல மருத்துவரிடம் போனால் ஊர் இப்படித்தான் பார்க்கும் என்ற பயத்தை அது ஒரே நிமிடத்தில் உறுதி செய்துவிடும். குடிகார அப்பா காமெடியும் அப்படித்தான். அந்த அப்பாவோடு தினமும் வாழும் குழந்தை முன்வரிசையில் இருக்கலாம். எந்தச் சாதியையோ சமூகத்தையோ கேலி செய்யும் வேடத்துக்கு எந்த விழாவிலும் இடமில்லை.

இதையெல்லாம் விழா நாளில் வாசலில் நின்று சொன்னால் சண்டைதான் வரும். குழந்தை ஒரு வாரமாக வசனம் மனப்பாடம் செய்திருக்கும், அம்மாவுக்குக் கோபம் வரும், நியாயமும் அவர் பக்கம்தான். பெயர் கொடுக்கும்போதே வேடத்தின் பெயர், கையில் வைத்திருக்கும் பொருள், பேசப்போகும் வசனம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பத்து நாள் முன்பு இருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்து, மாற்ற வேண்டியவர்களுக்குப் போனில் சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம். சொல்லும்போது மாற்று வேடத்தையும் கையோடு சொல்லிவிடுங்கள். வாசலில் கடைசியாக ஒரு பார்வை போதும். கயிறு, பாட்டில், மாத்திரை அட்டை, கத்தி, துப்பாக்கி, ரத்தச் சாயம், எரியும் எதுவும் உள்ளே வரக் கூடாது.

எத்தனை பேரைச் சேர்ப்பது? ஒருவருக்கு மேடையில் ஒன்றரை நிமிடம், ஏறி இறங்க அரை நிமிடம். நாற்பது பேருக்கு எண்பது நிமிடம். அதற்கு மேல் போனால் முதலில் ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் கிளம்பிவிடுவார்கள், கடைசிப் பிள்ளைக்குக் காலி நாற்காலிதான் மிஞ்சும். நாற்பதில் பத்து இடத்தைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள், அதிலும் ஆண்களுக்கு. சங்கத் தலைவர் ஔவையாராக வந்தால் அந்த அரங்கில் இறுக்கம் ஒரே நொடியில் உடைந்துவிடும்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். தோற்றுவிட்டோம் என்ற எண்ணம்தான் இங்கே பேசவந்த விஷயத்தின் வேர்களில் ஒன்று. அந்த மேடையிலேயே மற்ற எல்லாரையும் தோற்கடித்து அனுப்பக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே மாதிரி கலர் பென்சில் டப்பா. வாடகை உடைக்குக் கட்டுப்பாடு வையுங்கள். வீட்டில் இருப்பதை வைத்தே வேடம் என்று அறிவித்தால் நாடக உடைக் கடைக்குப் பணமும் டெபாசிட்டும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் ஒதுங்கமாட்டார்கள்.

ஒப்பனைக்குத் தோலில் பூசவென்றே விற்கும் வண்ணம் மட்டும் பயன்படுத்துங்கள். காந்தி சிலை வேடத்துக்குக் கேட் கம்பிக்கு அடிக்கும் சில்வர் பெயின்டைப் பூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கழுவ மண்ணெண்ணெய் வேறு. இரண்டுமே குழந்தையின் தோலுக்கு ஆபத்து. விலை மலிந்த குங்குமத்திலும் செந்தூரத்திலும் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உதட்டுக்கு அருகில் பூசவே கூடாது. முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டும் தாடி பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு மீசையை ஐப்ரோ பென்சிலால் வரைந்தால் போதும்.

ஒப்பனை கலைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விழாவின் இதயமே அதுதான் என்று நினைக்கிறோம். மேடையிலிருந்து தள்ளி, ஸ்பீக்கர் சத்தம் எட்டாத ஓர் அறை. நாற்பது முகத்துக்கு ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய், 500 கிராம் பஞ்சு ரோல் இரண்டு, டிஷ்யூ பத்துப் பெட்டி, நான்கு வாளித் தண்ணீர், நான்கு கண்ணாடி. ஒரு முகத்தைக் கலைக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் கலைத்துக்கொள்பவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், எண்ணெய் தடவுபவர் எதிரில் இருப்பார். எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகவும் முடியாது. மனிதர்கள் அப்போது பேசுவார்கள். தலைவலி என்று தொடங்கும், தூக்கமே இல்லை என்று போகும், சில நேரம் "எதுக்கு இருக்கோம்னு தெரியல" என்பது வரைக்கும் வரும். அதனால் அங்கே பஞ்சு பிடிப்பவர்கள் கேட்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். குடியிருப்பில் இருக்கும் நர்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரே தேடிப் போய்ப் பேசும் ஒரு பெரியம்மா, இவர்களைப் பிடியுங்கள். குழந்தைக்கு எண்ணெய் தடவும்போது அதன் அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்கட்டும். இவர்களுக்கு விழாவுக்கு ஒரு வாரம் முன் இரண்டு மணி நேரம் பயிற்சி தரச் சொல்லி அமைப்பிடம் கேட்கலாம். இவர்கள் யாரும் வேடம் போடக் கூடாது, முகம் தெரிய வேண்டும். சட்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த ரிப்பன் குத்திக்கொள்ளட்டும். தற்கொலைத் தடுப்பு நாளுக்கான நிறம் அது.

பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். யாராவது மனம் விட்டுப் பேசினால் அறிவுரை சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாமா", "பிள்ளைங்களை நெனச்சுப் பாரு", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க" என்ற மூன்றும் வாயை மூடவைக்கும் வாக்கியங்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் புதிதாக அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் பலர் அழுவார்கள். யாராவது கேட்டார்களே என்ற நிம்மதியும் அந்த அழுகையில் இருக்கும். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி: "இன்னிக்கே ஏதாவது செய்யணும்னு இருக்கா? அதுக்குன்னு எதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?" அதற்கும் ஆமாம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, பாத்ரூமுக்குக்கூட. அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். வீட்டில் ஆபத்தான பொருள்களை, மாத்திரைகள் உட்பட, வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது வண்டியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவசரம் அந்த அளவுக்கு இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போட்டு அவர் கையில் கொடுங்கள். நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட இது நூறு மடங்கு மேல்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்பார்கள். பண்ணாதீர்கள். "தேவையில்லாம யாருக்கும் சொல்லமாட்டேன், உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பேசியவர் குழந்தை என்றால் பெற்றோரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பிரச்சினையே வீட்டில்தான் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாமல் விடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் பிரிவு 115, உயிரை விட முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் அப்படியே தொடரவில்லை. இந்த இரண்டு வரியைப் பயிற்சியில் கட்டாயம் சொல்லுங்கள்.

எண் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு வருவோம். விசிட்டிங் கார்டு அளவில் அட்டை. டெலி மானஸ் 14416, சிநேகா 044-24640050, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, கீழே "எந்த நேரமும், தமிழில்" என்ற வரி. இருநூறு பேர் வருவார்கள் என்றால் ஐந்நூறு அடியுங்கள். ஆனால் நீட்டி நீட்டிக் கொடுத்தால் வாங்க வேண்டியவர் வாங்கமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே என்று. எல்லாருக்கும் போகும் பொருளோடு அதை ஒட்டிவிடுங்கள். வேடம் போட்டவர்கள் குத்தும் வரிசை எண் பேட்ஜின் பின்பக்கம், சுண்டல் பொட்டலத்துக்குள், சான்றிதழின் பின்பக்கம் எல்லாம் அந்த அட்டைக்கான இடங்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் கண் உயரத்தில் இருக்கட்டும். தாழ்போட்டுத் தனியாக இருக்கும்போது யாரும் பார்க்காமல் போனில் சேமித்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்டால் மேடை பேனரைவிட அந்த ஸ்டிக்கருக்கே முதலில் காசு செலவழியுங்கள்.

தொகுப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், மேடையில் தோன்றியதைப் பேச விடாதீர்கள். மாலை முழுக்க மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம், இப்படி: "உங்களுக்கோ உங்க வீட்ல யாருக்கோ வாழ்க்கை தாங்க முடியாத பாரமா தெரிஞ்சா 14416-க்குப் பேசலாம். காசு கிடையாது. இங்கேயே யார்கிட்டயாவது பேசணும்னா மஞ்சள் ரிப்பன் போட்டவங்க இருக்காங்க. உதவி கேட்டு மீண்டு வந்தவங்க ஏராளம். சரி, அடுத்து யாரு வர்றாங்க பாப்போம்!" அவ்வளவுதான். கோழைத்தனம், பாவம், மானம் போகும் என்ற பேச்சு வரக் கூடாது. எந்த முறையையும் எந்த இடத்தையும் சொல்லக் கூடாது. பிரபலங்களின் சாவைப் பற்றிய பேச்சும் வேண்டாம். இறந்தவர் நினைவாக யாராவது பேச விரும்பினால், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பேசச் சொல்லி, முன்கூட்டியே எழுதி வாங்கிப் பாருங்கள். தான் மீண்டு வந்த கதையைப் பேச ஒருவர் முன்வந்தால் அது பெரிய கொடை. ஆனால் மேடையில் அழுகை முட்டினால் இறங்கிவிட வழி வேண்டும். பக்கத்தில் தோழர் ஒருவர் நிற்கட்டும். பேசி முடித்த பிறகு அந்த இரவு அவரோடு யார் இருப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவது நம் வழக்கம். தற்கொலைத் தடுப்பு நாளில் இரவு எட்டு மணிக்கு ஜன்னலோரம் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமும் இருக்கிறது. வேடம் போட்ட குழந்தைகள் இருக்கும் இடத்தில் இரண்டையும் மின்விளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். நைலான் ஜடை, சிந்தெடிக் துப்பட்டா, பஞ்சுத் தாடி எல்லாம் நொடியில் பற்றும், தோலோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டு ஜன்னலில் அவரவர் ஏற்றிக்கொள்ளட்டும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் சட்டப்படி கூடாது. நீங்கள் எட்டரைக்கே முடித்துவிடுங்கள். டிக்கெட் போட்டுப் பதிவு செய்த பாட்டுகளை ஒலிபரப்பினால் உரிமம் கேட்கும் அமைப்புகள் வரும். நுழைவு இலவசம், நன்கொடை அவரவர் விருப்பம் என்று வைப்பது எல்லா வகையிலும் நல்லது. பறையோ நாதஸ்வரமோ நேரில் வாசிக்க வைத்தால் இன்னும் நல்லது. மது எந்த வடிவிலும் வேண்டாம், விழா முடிந்த பிறகு நடத்தும் குழுவின் 'பார்ட்டி' உட்பட. குடி கட்டுப்பாட்டைத் தளர்த்தி, கண நேர முடிவுகளுக்குத் தள்ளும். இருநூறு பேருக்குச் சுண்டல் என்றால் காய்ந்த கொண்டைக்கடலை எட்டுக் கிலோ, மோர் நாற்பது லிட்டர். அதற்குமேல் சமையலில் இறங்கினால் குழுவின் கவனம் முழுக்க அடுப்படிக்குப் போய்விடும்.

பணத்தில் ஒரே தந்திரம்தான்: அது உங்கள் கை வழியாகவே போகக் கூடாது. அமைப்பின் சொந்த வங்கிக் கணக்கின் க்யூஆர் கோடை அவர்களிடமே வாங்கிப் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். ஒட்டியதன் மேல் வேறொன்றை யாராவது ஒட்டிவிடாமல் அரை மணிக்கு ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபாருங்கள். ரொக்கத்துக்குச் சீல் வைத்த உண்டியல். வேடம் போட்ட பெரியவர்கள் இருவர் இருவராகக் கொண்டு போகட்டும், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டி, ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி) கேட்பவர்களுக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்றும், பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்ப நினைத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அமைப்புக்கு அதற்கான பதிவும் தனிக் கணக்கும் இருந்தால் மட்டுமே வாங்க முடியும். உங்கள் குடியிருப்புச் சங்கக் கணக்கில் போடச் சொல்லிவிடாதீர்கள். பந்தல், சவுண்ட், சுண்டல் செலவைத் தனியாக ஆள் பிடித்துச் சமாளியுங்கள். உண்டியலில் விழுந்தது முழுவதும் போய்ச் சேரும் என்று மேடையில் சொல்ல முடிவதுதான் கொடுப்பவர் கையைத் தளர்த்தும்.

ஸ்பான்சர் பிடிக்கும்போது கடன் ஆப், ஆன்லைன் சூதாட்டம், மதுக்கடை, வட்டிக் கடை வேண்டாம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இராது. சிக்கல், மாணவர்களின் படமும் மதிப்பெண்ணும் போட்ட பேனரோடு வரும் கோச்சிங் சென்டர். பணம் தருவார்கள்தான். ஆனால் அந்த ஆண்டு தவறிய பையன் அந்த பேனருக்குக் கீழே உட்காருவான். பெயர் மட்டும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

புகைப்படங்களைக் குரூப்பில் போடும் முன் பெற்றோர் அனுமதி கேளுங்கள். ஒப்பனை கலைக்கும் அறையில் படம் எடுக்கவே கூடாது. விழா முடிந்து மூன்று நாளைக்குக் குடியிருப்பு வாட்ஸாப் குரூப்பை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கட்டும். "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று யாராவது நள்ளிரவில் எழுதக்கூடும், யாராவது அதற்குச் சிரிப்பு எமோஜி போடக்கூடும். எழுதியவருக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். ரிப்பன் கட்டியவர்களை அதே வாரத்தில் ஒருநாள் உட்காரவைத்து, யாரிடம் என்ன கேட்டார்கள் என்று பெயர் சொல்லாமல் பேச விடுங்கள். பிறர் பாரத்தைக் கேட்டவருக்கும் தூக்கம் போயிருக்கும். யாரையாவது 14416-இல் பேச வைத்திருந்தால் பத்து நாளில் ஒருமுறை வீட்டுக்குப் போய் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மீதி அட்டைகளை லிஃப்ட் பக்கத்திலும், மருந்துக்கடைக் கல்லாவிலும், டீக்கடையிலும், சலூன் கண்ணாடி ஓரத்திலும் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை எத்தனை குறைந்திருக்கிறது என்று பார்த்து நிரப்புங்கள்.